தட்டுக்கு வரும் முன்

போன்சாய் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு தட்டோடுதான் வருகிறார்கள். குர்ஜாவில் செய்த நீலப் பீங்கான் தட்டு, நல்ல விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். "இதுக்கு ஏத்த மாதிரி ஒரு மரம் குடுங்கண்ணே" என்பார்கள். தட்டை அலமாரியில் பத்திரமாக வையுங்கள், நாலைந்து வருஷம் கழித்து எடுக்கலாம் என்று நான் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனாலும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். நல்ல போன்சாய் மரம் ஒவ்வொன்றும் தட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்கோ தாராளமாக வளர்ந்த மரம்தான்.

காரணம் எளிது. தண்டு பருக்க இலை வேண்டும், இலைக்கு வேர் வேண்டும், வேருக்கு இடம் வேண்டும். இரண்டு அங்குல ஆழத் தட்டில் வேரை அடக்கிவிட்டால் மரம் உயிரோடு இருக்கும், தளிர்க்கவும் செய்யும், ஆனால் தண்டு பருப்பது கிட்டத்தட்ட நின்றுபோகும். பென்சில் கனத்தில் தட்டேறிய கன்று பல வருஷம் கழித்தும் கன்றாகவே தெரியும். ஒரு மரத்தைப் பார்த்ததும் நமக்கு 'இது பழைய மரம்' என்று தோன்றுவதற்கு அதன் உயரம் காரணமில்லை. அடியில் நாலாபக்கமும் மண்ணைப் பற்றிப் படர்ந்த வேர், அடியில் பருத்து மேலே போகப்போக மெலிகிற தண்டு, ஒன்று இரண்டாகி இரண்டு நான்காகிப் பிரிந்த கிளை, இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த எண்ணத்தைத் தருகின்றன. இவற்றில் முதல் இரண்டும் தட்டில் வராது. தரையிலோ அகலமான தொட்டியிலோ வந்தாக வேண்டும். கிளைப் பிரிவு மட்டும்தான் தட்டின் வேலை.

பருத்த அடி கொண்ட மரத்துக்கு எங்கே போவது? எங்கள் கும்பகோணத்துக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. கோபுரத்தின் அடித்தளம் கருங்கல் என்றாலும் மேல் நிலைகள் செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான். பறவை எச்சத்தில் வந்து விழுகிற ஆல், அரசு, இச்சி விதைகளுக்கு அந்தக் காரை இடுக்கு போதும். கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டும்போதும், உழவாரப் பணிக் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமை மதிலைச் சுத்தம் செய்யும்போதும் அந்தக் கன்றுகளை வெட்டிக் கீழே போடுவார்கள். வெட்டியாகத்தான் வேண்டும். விட்டுவைத்தால் வேர் உள்ளே பருத்துச் செங்கலைப் பிளந்துவிடும், சுதைச் சிற்பம் உதிர்ந்துவிடும். கோபுரத்துக்கு அது எமன். எங்களுக்கு அதே கன்று பெரும் சொத்து. மண்ணில்லாத இடத்தில் பல வருஷம் பசியோடு நின்று, ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து, ஒவ்வொரு மழையிலும் துளிர்த்து, முழங்கை உயரத்துக்கு மேல் போகாமல் அடி மட்டும் முறுக்கிப் பருத்திருக்கும். செங்கல் சந்தில் நசுங்கிய வேர் பட்டையாகப் பரந்திருக்கும். நான் ஒரு மரத்தில் வருஷக்கணக்காகச் செய்ய வேண்டிய வேலையைச் சுவரே செய்து முடித்திருக்கும்.

முதன்முதலில் போய்க் கேட்டபோது குழுவில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். "குப்பைக்குப் போறதுண்ணே, எடுத்துக்கங்க" என்றார்கள். இப்போது அவர்களே போன் செய்து சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஆசிட் ஊற்றுவதாக இருந்தால் கன்றை வெட்டி எடுத்த பிறகு ஊற்றுங்கள். நானாகப் போய்ச் சுவரைக் குடைந்து எதையும் எடுப்பதில்லை. கோயில் சுவர் பொதுச் சொத்து. காட்டுக்குள் போய்ப் பழைய மரத்தைத் தோண்டிக்கொண்டு வருவதும் அதே மாதிரி தவறான காரியம். சட்டப்படியும் தவறு, எடுத்து வந்த மரமும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இடிக்கப் போகிற பழைய வீடு, அகலப்படுத்தப் போகிற சாலையோர மதகு, கோபுரம், மதில், இவை போதும் ஓர் ஊரின் ஆசைக்கு.

சுவரிலிருந்து வருகிற கன்றுக்கு நுனிவேர் அநேகமாக இருக்காது. கட்டையாகத்தான் வரும். ஆல் இனத்துக்கு அது பெரிய குறையில்லை. கிராமத்தில் ஆலம்போத்து வெட்டி நட்டு மரமாக்குகிறவர்களுக்கு இது தெரியும். வெட்டிய இடத்தில் பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நசுங்கிய வேர் நுனியைக் கூரான கத்தியால் சீராக அறுத்துவிட வேண்டும். இலை எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும், ஏனென்றால் வேர் இல்லாத மரம் இலை வழியே இழக்கிற நீரை ஈடுகட்ட வழியில்லை. பிறகு கழுவிய பருமணலில் நட்டு, மேலே பாலிதீன் பையால் மூடி, நிழலில் வைத்துவிடுவேன். பைக்குள் புழுக்கம் இருக்கும்வரை கட்டை காயாது. கையால் ஆட்டிப் பார்ப்பது கூடாது. முதல் துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பலர் பையைக் கழற்றுகிறார்கள். அந்தத் துளிர் கட்டையில் மிச்சமிருந்த சேமிப்பில் வருவது. இரண்டாம் முறை இலை விரிந்து, பச்சை அடர்ந்த பிறகு பையில் ஓட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நர்சரி வைத்திருந்த ஒரு பெரியவர். அவரிடம் போன புதிதில் கத்தரியைத் தொடவே விடவில்லை. காலையும் மாலையும் எல்லா மரத்துக்கும் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. "ஊத்துறது வேலை இல்ல தம்பி, ஊத்தாம விடுறது எதுக்குன்னு கண்டுபுடி" என்பார். ஜப்பானிலும் பழகுநர்களுக்கு முதல் மூன்று வருஷம் நீரூற்றும் பாடம்தான் என்று ஒரு சொல்வழக்கு உண்டு. தட்டில் மண் ஆழம் குறைவு. சித்திரை, வைகாசியில் காலையில் நனைந்த மண் மதியத்துக்குள் சுண்டிவிடும், இரண்டு வேளை கட்டாயம். கார்த்திகை அடைமழையில் அதே மண் நாள்கணக்கில் சொதசொதவென்று நிற்கும், அப்போது ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, தட்டின் ஒரு பக்கத்துக்கு ஓட்டுத்துண்டு முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைக்க வேண்டும். ஒரே தாங்கியில் அடுத்தடுத்து நிற்கிற ஆலும் புளியும்கூட ஒரே அளவு குடிப்பதில்லை. விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. விரல் போகாத இடத்தில் மூங்கில் குச்சியைச் செருகி வைத்து, உருவிப் பார்த்து ஈரம் தெரிந்துகொள்ளலாம். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் தட்டின் விளிம்பிலும் அடித்தண்டிலும் வெள்ளையாகப் பூக்கும். மழைநீர் பிடித்து வைத்து வாரம் ஒருமுறையாவது அதனால் கழுவிவிடுவது நல்லது.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜப்பானியர்கள் கான்டோ சமவெளியிலிருந்து எடுக்கிற அகடாமா என்ற சுட்டது போன்ற களிமண் குருணையைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதை வரவழைத்தால் மரத்தைவிட மண்ணுக்கு விலை அதிகம். நமக்குச் செங்கல் போதும். சூளையில் உடைந்து கிடக்கிற, நன்றாக வெந்த செங்கலை நொறுக்கி, கொத்தனார் சல்லடையில் சலித்து, மிளகிலிருந்து பட்டாணி வரையான குருணையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தூசியைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். தூசிதான் அடியில் போய்ப் படிந்து வேரை அழுக வைக்கிறது. செங்கல் குருணை இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. ஆற்று மணல் கிடைக்காத இந்தக் காலத்தில் எம்-சாண்டைப் பலமுறை அலசிப் பயன்படுத்தலாம். தட்டில் வெறும் செம்மண்ணைப் போட்டால் அது கெட்டிப்பட்டு ஓடாகிவிடும். நீர் மேலே வழிந்து ஓடுமே தவிர உள்ளே இறங்காது.

இனி வளர்ப்பு. ஜப்பானியப் புத்தகங்களைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் பைன், மேப்பிள் படங்களில் மயங்கிவிடுகிறார்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ தோட்டக்காரர்கள் இடம்பெயர்ந்து 1925இல் உருவாக்கிய ஓமியா போன்சாய் கிராமத்தின் மரங்கள் அவை. குளிர்காலத்தில் உறங்கி எழுகிற மரங்கள். காவிரிக் கரையின் வெப்பத்தில் அவற்றுக்கு அந்த உறக்கம் கிடைக்காது. நாம் பாடம் படிக்க வேண்டிய இடம் தென்சீனம். குவாங்டாங் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்ற லிங்னான் மரபு நம்முடையவை போன்ற வெப்பநாட்டு மரங்களுக்கானது. அதில் கம்பியைவிடக் கத்தரிக்குத்தான் முதலிடம். வளரவிடு, வெட்டு, மறுபடி வளரவிடு, மறுபடி வெட்டு. அவ்வளவுதான் அதன் சாரம்.

செய்முறை இப்படி. வேர் பிடித்த கட்டையைத் தரையிலோ, பக்கமெல்லாம் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் காய்கறிக் கூடையிலோ நடுகிறேன். கூடையில் ஒரு வசதி, ஓட்டைக்கு வந்த வேர்நுனி காற்றுப் பட்டுக் கருகி, உள்ளே கிளைவேர் பெருகும். தொட்டியில் நடக்கிற மாதிரி வட்டமாகச் சுற்றிக்கொள்ளாது. ஆணிவேரை முதல் நடவிலேயே அறுத்துவிட வேண்டும். தரையில் நடுகிறவர்கள் கன்றுக்கு அடியில் ஒரு ஓட்டுத்துண்டைப் பதித்து நட்டால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் படரும். பிறகு ஒரு கிளையைத் தேர்ந்து, இஷ்டத்துக்கு ஓட விட வேண்டும். ஆள் உயரம் போகட்டும், இரண்டாள் உயரம் போகட்டும். அந்தக் கிளை அடியில் வேண்டிய கனம் அடைந்ததும், முதல் கணுக்களை மட்டும் விட்டுவிட்டு மொத்தத்தையும் வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே புதிதாக வருகிற தளிர்களில் திசை திரும்பிய ஒன்றைத் தலைவனாக்கி மீண்டும் ஓட விட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் தண்டு ஒரு படி மெலிந்து ஒரு வளைவு திரும்பும். கம்பி கட்டி வளைத்த வளைவு பாம்பு மாதிரி சீராக இருக்கும். வெட்டி வளர்த்த வளைவு புயலில் முறிந்து தழைத்த மரம் போலவே இருக்கும், அதில் பொய் தெரியாது. வெட்டும் இடத்தைக் கொஞ்சம் குழிவாகச் செதுக்கிவிட்டால் பட்டை சுற்றிலுமிருந்து உருண்டு வந்து மூடும்போது மேடு தட்டாது.

ஆறடி வளர்ந்த கிளையை வெட்டும்போது புதியவர்களுக்குக் கை வராது. எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது, அது மரத்தின்மேல் உள்ள அன்பு. ஆனால் அடியின் கனத்தைப்போல ஆறு மடங்கு உயரம் என்பது பலரும் கைக்கொள்கிற அளவு. மூன்று அங்குல அடிக்கு ஒன்றரை அடி உயரம். அதற்கு மேல் நிற்பதெல்லாம் அடியைப் பருக்க வைக்க வந்த கூலிக்காரக் கிளைதான். கூலி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கம்பியை நான் ஒதுக்கவில்லை. இளங்கிளைகளைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவர அது வேண்டும். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியக் கம்பி, தண்டில் ஒரு சுற்றுப் பிடிமானம், பிறகு கிளையோடு சாய்வாக, 45 டிகிரி கோணத்தில், இறுக்காமல் ஒட்டி. வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருந்தால் கிளை முறியாது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் மாதக்கணக்கில் விடச் சொல்வார்கள். நம் மழைக்காலத்தில் ஆலும் இச்சியும் பருக்கிற வேகத்துக்குச் சில வாரங்களிலேயே கம்பி பட்டையைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்து, பிரித்துச் சுற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட வேண்டும்.

இனி ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. நம் கண்காட்சிகளில் ஆலமரத்தைப் பைன் மரம் மாதிரி முக்கோணமாக, படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும், பரிசும் கிடைக்கும், ஆனால் அது ஆலமரம் இல்லை. பைன் கிளை பனிச்சுமையில் தாழ்ந்த கிளை. ஆலங்கிளை வெளிச்சம் தேடிப் பக்கவாட்டில் நீண்டு, விழுது ஊன்றி, இன்னும் நீள்வது. அதன் தலை கூராக இருக்காது, அகன்ற குடையாக இருக்கும். இதைப் படிக்கப் புத்தகம் தேவையில்லை, ஊர் எல்லையில் நிற்கிற ஆலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். சென்னைக்குப் போகிறவர்கள் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1989இல் வீசிய புயலில் அதன் தாய்த்தண்டு சாய்ந்துவிட்டது. இன்று நிற்பதெல்லாம் விழுதுகள் தண்டான மரம். நடு இல்லாமலே ஒரு மரம் முழுமையாக நிற்க முடியும் என்பதைப் போன்சாய் வளர்ப்பவன் அங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

தட்டு ஆலில் விழுது வருவது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. கடற்கரை ஊர்களில் தானாக வரும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அரும்பிவிட்டுத் தையில் காய்ந்துபோகும். அரும்பிய விழுதை ஒரு உறிஞ்சுகுழலுக்குள் விட்டு, குழலில் நனைந்த தேங்காய் நாரை நிரப்பி, மறுமுனையை மண்ணில் ஊன்றிவிட்டால் ஈரம் காயாமல் தரை தொட்டுவிடும். மண்ணைத் தொட்ட பிறகு அது பருக்கிற வேகமே தனி.

எந்த மரத்தில் தொடங்கலாம் என்றால், நர்சரியில் பைகஸ் என்று விற்கிற சிறிய இலை இச்சிதான் என் முதல் பரிந்துரை. தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், இலை சீக்கிரம் சிறுக்கும். ஆல் அடுத்தது, ஒரு கிளையில் இலையே இல்லாமல் மொட்டையடித்தால் அந்தக் கிளை காய்ந்துவிட வாய்ப்புண்டு, நுனியில் ஒரு தளிரை விட்டு வெட்ட வேண்டும். அரசு அழகு, ஆனால் இலை பெரிது, காம்பு நீளம், பொறுமை கேட்கும். புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ மூன்றும் நல்ல பழகுமரங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும், தட்டில் இலை சிறுக்கும், பழமும் பூவும் சிறுக்காது. புளியங்காய் முழு நீளத்தில்தான் தொங்கும்.

உரம் கடலைப் புண்ணாக்கு ஊறிய தெளிவு, நிறைய நீர் கலந்து. இலைப்பேனுக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் சாய்ந்த பிறகு. வேர் நறுக்கி மண் மாற்றுவது மாசி, பங்குனியில் புதுத்தளிர் அசையும்போது, மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காமல். இதற்கு மேல் விரிக்க இதில் ஒன்றுமில்லை.

விரிவாகப் பேச வேண்டியது வேறொன்று. ஆல்போல் தழைக்க என்று வாழ்த்துகிற ஊரில் ஆலைக் குட்டையாக்கி வீட்டில் வைக்கலாமா, குடும்பம் தழைக்காதே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மரத்தை வதைக்கிறீர்களே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியையும் நான் மதிக்கிறேன். வால்பாறையிலும் நீலகிரியிலும் இடுப்பளவு நிற்கிற தேயிலை, விட்டால் பல அடி உயரம் போகக்கூடிய மரம். தளிரைக் கிள்ளிக் கிள்ளித்தான் அதை அந்த உயரத்தில் வைத்திருக்கிறோம், பல தலைமுறையாக அது தளர்ந்துபோகவில்லை. தட்டு மரத்துக்கும் நடப்பது அதுவே. தட்டில் பட்டினி போட்டால் மரம் குட்டையாகாது, செத்துப்போகும். உணவும் நீரும் வெயிலும் நிறையக் கொடுத்து, வளர்ந்ததைத் திரும்பத் திரும்ப வெட்டுவதால்தான் அது சிறிதாக இருக்கிறது. வாஷிங்டன் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தட்டில் வளர்க்கப்படுவது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் இருந்தபோது, குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில், மதில்சுவர் மறைவில் நின்று தப்பியது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது அணுகுண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001இல் அவருடைய பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஒரே குடும்பத்தின் பல தலைமுறை கைமாற்றி நீரூற்றிய மரம் அது. குடும்பம் தழைக்காது என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

வதை என்று சொல்ல வேண்டுமானால், மால்களிலும் அலுவலக மேசைகளிலும் வெயில் படாமல் ஏசிக்குள் வைத்து, சில மாதத்தில் குப்பைக்கு அனுப்புகிறார்களே, அதைச் சொல்லலாம். நம் மரங்களுக்கு வெளியில்தான் இடம். மொட்டை மாடியோ, நாலைந்து மணி நேரம் வெயில் விழுகிற பால்கனியோ இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். வெளியூர் போனால் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வீட்டில் உண்டா என்பதையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் இருந்தால், உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த உழவாரப் பணி எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டு வையுங்கள். அன்று போய் ஒரு கை கொடுங்கள். வெட்டிப் போடுகிற கன்றுகளில் அடி பருத்த ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, அன்று சாயங்காலத்துக்குள் மணலில் நட்டுவிடுங்கள். தட்டை நாலைந்து வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.